வாக்குத்தத்தப் பெட்டியில் குதிரைகள்

அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தால் முதலில் பாச்சை உருண்டை வாசனைதான் குப்பென்று வரும். உள்ளே வேத வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள். அறுபதுகளின் கடைசியில், இரும்புலியூரில் எங்கள் வீட்டில், காலை ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொன்று எடுப்போம். அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான் என்று நம்பிக்கை, அதற்குப் பெயர் 'வாக்குத்தத்தம்'. கடைக்குட்டியான நான்தான் முதலில் எடுப்பேன். "அவ கை ராசியான கை" என்பார் அப்பா.

அப்பா தாம்பரத்தில் ஓர் ஆபீசில் கிளார்க். தங்கமான மனுஷன், கிண்டி ரேஸ் ஒன்றைத் தவிர. ரேஸ் சீசனில் சனிக்கிழமை வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். அவர் செய்த வேலையைக் கேளுங்கள்: அட்டைகளை ஓரமாய்க் கொட்டிவிட்டு, குதிரைகளின் பெயர் எழுதிய 'சீட்டு'களைச் சுருட்டி அதே பெட்டியில் போட்டு என் முன்னால் நீட்டுவார். "கண்ணு, ஜெபம் பண்ணிட்டு அப்பாவுக்கு ஒண்ணு எடும்மா." நானும் கண்ணை இறுக மூடி, வசனம் எடுக்கிற அதே பக்தியோடு எடுத்துக் கொடுப்பேன். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க, இந்த மனுஷன் அளக்காமலே கொட்டுறாரே" என்று அடுப்படியில் அம்மா பொருமுவாள்.

ஜெயித்தால் அல்வாப் பொட்டலம். தோற்றால், சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. சீட்டை எடுத்தது என் கை, எடுக்க வைத்தது ஆண்டவர் என்றால், ஆண்டவருக்கு என் மேல்தானே கோபம்? பிள்ளை மனசு அப்படித்தான் கணக்குப் போட்டது. யாரிடமும் வாய் திறக்காமல், கிணற்றடியில் சவுக்காரம் போட்டு அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

புத்தாண்டு ஆராதனை வந்தது. குடும்பம் குடும்பமாய் முன்னால் போய் வருஷத்துக்கான வாக்குத்தத்தத்தை எடுக்க வேண்டும். போதகர் சிரித்துக்கொண்டே பெட்டியை என்னிடம் நீட்டியதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். "மாட்டேன்! நான் எடுத்தா எங்கப்பா தோத்துடுவாரு!"

அப்பா என்னை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். வேப்பமரத்தடியில் நின்று, "நீ இல்லடா கண்ணு, அப்பாதான், அப்பாதான்" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அதோடு ரேஸை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். எங்கே விட்டார்! அதற்குப் பிறகும் சில வருஷம் போனார். சீட்டெடுக்க மட்டும் என்னைக் கூப்பிடவேயில்லை.

இப்போது அப்பா இல்லை, தகரப் பெட்டி இல்லை. காலை வசனம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. சூதாட்டம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தாள். பட்டினி கிடந்தீர்களா, சண்டை நடந்ததா, அடி வாங்கினீர்களா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "அப்போ பெருசா பாதிப்பு ஒண்ணும் இல்லைங்க ஆன்ட்டி" என்று சிரித்தபடி எழுதிக்கொண்டாள். நல்ல பெண், காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

புத்தாண்டன்று சர்ச்சில் இன்றும் பெட்டி வருகிறது. நான் இடக்கையால்தான் எடுக்கிறேன். மரியாதை தெரியாதவள் என்று முறைக்கிறார்கள், முறைக்கட்டும். வலக்கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.