முத்தாத்தாளின் ஒற்றைச் சிறுநீரகம்

முத்தாத்தாளும் நானும் ராஜபாளையத்து நூல்மில்லில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சொல்லும்போது கொஞ்சம் ஆத்திரமும் வரும்.

1994-இல் அவள் தம்பி இருளப்பசாமிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. "என்னுதுல ஒண்ண எடுத்துக்கிடுங்க" என்று முதலில் சொன்னவள் இவள்தான். லீவு சொல்லிச் சொல்லி மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். தம்பி ரத்தத்தோடு இவள் ரத்தம் பொருந்தியது. கடைசியாக எடுத்த ஸ்கேனில், இவளுக்கு இடப்பக்கம் சிறுநீரகமே இல்லை.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கரு உண்டான ஐந்தாவது வாரத்தில் கீழேயிருந்து ஒரு சின்ன முளை மேல்நோக்கி வளருமாம். அங்கே ஒரு சதைத் திட்டு இருக்குமாம். முளை போய்த் தொட்டால்தான் அது கிளைவிடும், சதையும் சிறுநீரகமாகத் திரளும். பிறகு அடிவயிற்றிலிருந்து மெல்ல மெல்ல முதுகுப் பக்கம் ஏறும். தொடாவிட்டால் அந்தச் சதை கரைந்துபோகும். இவளுக்கு ஒரு பக்கம் முளை வரவில்லை.

"அப்ப நீங்க வயித்துல இருக்கறதே உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். இருந்த ஒன்று பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்த்திருக்கிறது. பக்கத்து ஆள் வராத நாளில் அவள் மெஷினையும் சேர்த்து நாங்கள் ஓட்டுவதில்லையா, அப்படித்தான்.

நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மடவார் வளாகத்தில் தம்பி வீடு. அவன் மனைவி சுடலையம்மாள் நம்பவே இல்லை.

"எல்லாருக்கும் ரெண்டுதான இருக்கும், மதினி? உங்களுத எங்க வித்தீய?"

அடுக்களைக்குள் கூட்டிப்போய், சேலையை விலக்கித் தழும்பு தேடினாள். முத்தாத்தாள் திரும்பி நின்று காட்டினாள். தழும்பு இல்லை. "குடுக்க மனசில்லாம டாக்டரச் சொல்லச் சொல்லியிருப்பிய" என்றாள் அப்போதும். புருஷனைப் பறிகொடுக்கப் பயந்தவள் பேச்சுதான். இருந்தாலும் எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

முத்தாத்தாள் தம்பி கட்டிலருகே போய் நின்றாள். ஐந்தாவது வாரம், முளை, சதை என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். களைப்பில் பாதி வார்த்தை வரவில்லை.

"தம்பி, நா பொய் சொல்லல."

இருளப்பசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதே மில்லில் வேலை பார்த்தவன். ஒண்ணுக்குப் போக மெஷினை விட்டு நகர்ந்தால் மேஸ்திரி ஏசுவார் என்று பொம்பளைகள் நாங்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்பது அவனுக்குத் தெரியும்.

"ஒண்ண வச்சுக்கிட்டா இம்புட்டு வருசமும் நின்ன, அக்கா? தண்ணியாவது ஒழுங்காக் குடிக்கியா?"

அவனுக்கே அப்போது நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் டாக்டர் வைத்த அளவு.

"ஏட்டி, அக்காவுக்குத் தண்ணி கொண்டா" என்றான்.

சுடலையம்மாள் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்க, முத்தாத்தாள் நின்றபடியே முழுச்சொம்பையும் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் அழுதாள்.