அவள் பைபிளில் இல்லாத பக்கம்

எனக்கு எழுபத்துநான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். தெற்கிலிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தே அத்தனை பேரையும் கரையேற்றினேன். என் கைக்குத் தப்பின ஓட்டைப் பீஸ் கிடையாது.

கடைக்குட்டி மகள் மட்டும் இங்கேயே பிறந்தவள். போன வருஷம் அவள் பெந்தேகோஸ்தே சபைக்குப் போகத் தொடங்கினாள். கல்லறைத் திருநாள் நெருங்கியதும், அவள் அப்பாவின் கல்லறையில் ஏற்ற மெழுகுவத்தி வாங்கி வரச் சொன்னேன்.

"நான் வரலீங்கம்மா. செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி பைபிள்ல எங்கீங்க இருக்குது?"

எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் நான். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். செத்துப்போன படைவீரர்களின் பாவம் தீர எருசலேமுக்குக் காணிக்கை அனுப்பின பகுதியை என் பைபிளில் எடுத்து, மாதா படம் ஒன்றை அடையாளம் வைத்துக் கொடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் தன் பைபிளைப் புரட்டினாள். "இந்தப் புஸ்தகமே இதுல இல்லீங்கம்மா."

"ஏட்டி, இங்க கொண்டா."

வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துணியில் ஓட்டை தேடுவதுபோல ஒவ்வொரு தாளாகத் தடவினேன். கிழித்த தடமே இல்லை. "உனக்கு டேமேஜ் பீஸக் குடுத்து ஏமாத்திட்டானுவ. மாத்திட்டு வா."

"உங்களுதுலதான் எச்சாச் சேர்த்துட்டாங்கன்னு எங்க பாஸ்டர் சொல்றாருங்க" என்று சிரித்தாள்.

மறுபடி சாமியாரிடம் ஓடினேன். "அந்தப் புஸ்தகங்களை அவங்க ஏத்துக்கிறதில்லம்மா. நாம ஆதியிலிருந்து வாசிக்கிறோம். ஆனா ரெண்டு பேருக்கும் ஆண்டவர் ஒருத்தர்தான். மகளோட சண்டை போடாதீங்க" என்றார். ஆண்டவர் ஒருவர் என்றால் புத்தகம் ஏன் இரண்டு அளவில் இருக்கிறது? அதை மனசில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

கல்லறைத் திருநாளன்று நான் தனியாகத்தான் போனேன். சற்று நேரத்தில் மகள் வந்து நின்றாள். புல்லைப் பிடுங்கினாள், செவ்வந்திப் பூ வைத்தாள். மெழுகுவத்தியை மட்டும் தொடவில்லை.

"அப்பாவுக்குச் செவ்வந்தின்னா புடிக்குமுங்க."

"செத்தவுகளுக்கு ஒண்ணும் வேண்டாம்னியே, இப்ப யாருக்கு ஏட்டி புடிக்கும்?"

அவள் குனிந்து பூவை நேராக வைத்தாள். கல்லறையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். அது ஜெபமா, அப்பாவிடம் பேச்சா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டால் ஜெபமில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்கவும் இல்லை.

இவ்வளவும் நானே எழுத்துக்கூட்டி எழுதினேன். அவளுடைய மகள், என் பேத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"கண்ணு, இத வாசிச்சுக் காட்டு. ஒங்கம்மா அடுப்படியிலதான் நிக்கா. கொஞ்சம் சத்தமாவே வாசி."