பங்கில் போட்டது போனது, என் வீட்டுக்காரரைத் தாயி திருப்பித் தந்தாள்

அம்மனை நம்பியிருக்கும் என் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஆனைகட்டியிலிருந்து செல்வராணி எழுதிக்கொள்வது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீதியை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் வாழ்நாள் உழைப்பு முழுவதும் யாருமே வாங்காத ஒரு பொருளில் மாட்டிக்கொண்டது. அதுதான் எங்கள் கஷ்டம். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடப் புரியவைக்க முடியாத கஷ்டம்.

என் வீட்டுக்காரர் பெயர் முருகையா. தேவிகுளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் டீ ஃபேக்டரி வேலை. பச்சை இலையை வாட்டுகிற இடத்தில் சேர்ந்து, ரோலர் மெஷினில் நின்று, அங்கேயே தலை நரைத்தவர். நான் கொழுந்து எடுத்தேன். முட்டி தேய்ந்து போனதால் அவருக்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். எங்களுக்கு ஒரே மகள். போடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

எஸ்டேட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலை இருக்கும் வரைதான் எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அந்த மலையிலேயே பிறந்தோம், அங்கேயே கல்யாணம் கட்டினோம், பிள்ளை பெற்றோம். ஆனால் அந்த மலையில் எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அதனால் இவர் ஓய்வு பெற்றபோது வந்த பணம் எங்களுக்கு வெறும் பணமாகத் தெரியவில்லை. ஒரு வீடாகத் தெரிந்தது. போடிப் பக்கம் சின்னதாக ஒரு மனை பார்த்து வைத்திருந்தோம்.

வைகாசி மாதம் அவர் போனில் ஒரு குரூப்பில் சேர்ந்தார். எந்தப் பங்கு ஏறும் என்று தினமும் அதில் ஒருவர் தமிழில் பேசுவார். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். எல்லாரும் அவரை சார் என்பார்கள். பெரிய கம்பெனிப் பங்குகளில் போட்டால் கிழவனாகும் வரை காத்திருக்க வேண்டும், சின்னக் கம்பெனியில் போட்டால்தான் நம்மைப் போன்றவர்கள் மேலே வர முடியும் என்பது அவர் பேச்சு. அப்படி அவர் காட்டிய ஒரு கம்பெனி, கேமராவில் தெரிகிற முகத்தைப் பார்த்து ஆள் யாரென்று சொல்லும் கம்ப்யூட்டர் வேலை செய்கிறதாம். இனி உலகமே அதில்தான் ஓடுமாம். என் வீட்டுக்காரர் முதலில் கொஞ்சம்தான் போட்டார். அது தினமும் ஏறியது. ஆனி முடிவதற்குள் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபேக்டரிக்குப் போன காலத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. இப்போது சாப்பிடும்போதெல்லாம் பேசினார். மனையில் கிழக்குப் பார்த்து வாசல் வைக்கலாம் என்றார். நானும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மகளிடமும் போனில் சொல்லியிருக்கிறார். அவள் தன் கழுத்துச் சங்கிலியை மாமியாருக்குத் தெரியாமல் அடகு வைத்து அப்பாவுக்குப் பணம் அனுப்பினாள்.

ஆவணியில் இறங்க ஆரம்பித்தது.

இந்தப் பங்குகள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று ஓர் எல்லை உண்டாம். காலையில் சந்தை திறந்த உடனே அந்த எல்லைக்கு இறங்கிப் பூட்டிக்கொண்டுவிடும். லோயர் சர்க்யூட் என்பார். அதன் பிறகு விற்கிறவர்கள் மட்டும்தான் வரிசையில் நிற்பார்கள். வாங்குகிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். மறுநாள் இன்னும் கீழே திறக்கும். திரும்பவும் பூட்டு. எங்கள் லயத்தில் சிக்னல் சரியாக வராது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போனால்தான் வரும். மழையானாலும் மஞ்சு மூடினாலும் அவர் காலை ஒன்பது மணிக்கே குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நிற்பார். விற்கிறேன் என்று அமுக்குவார். விற்காது. இறங்கி வருவார். பார்க்கிறவர்கள் யாரோடோ ரகசியம் பேசப் போகிறார் என்று நினைத்தார்கள்.

குரூப்பில் இருந்த அந்தச் சாரைக் கேட்டிருக்கிறார். பயந்தவன் விற்பான், நம்பினவன் ஜெயிப்பான் என்று பதில் வந்தது. ரெண்டு நாளில் குரூப்பையே காணவில்லை.

நான் எஸ்டேட் மாரியம்மனிடம் போனேன். செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்தேன். மாவிளக்கு எடுத்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? அந்தப் பங்கு ஏற வேண்டும் என்று கேட்டேன். கம்பெனியின் பெயர் இங்கிலீஷ் பெயர், என் வாயில் நுழையவில்லை. தப்பாகச் சொன்னால் தாயி வேறு கம்பெனியை ஏற்றிவிடுவாளோ என்று பயம். இவரிடம் நாலு தடவை சொல்லச் சொல்லிப் படித்துக்கொண்டு போய், சன்னிதியில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஏறவில்லை. புரட்டாசியில் அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். கணக்கில் பொய் என்று செய்தி வந்ததாம். இனி விற்கவும் முடியாது, விலை என்று ஒன்றும் கிடையாது. போனில் பெயர் மட்டும் இருக்கும்.

அன்றிலிருந்து அவர் தொட்டிக்குப் போவதை நிறுத்தினார். பேச்சும் நின்றது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தட்டை வைத்தால் அப்படியே இருக்கும். மகள் போன் செய்தாள். விஷயம் மாமியாருக்குத் தெரிந்து, அவள் வீட்டில் பெரிய சண்டை. “அப்பாவ இனிமே எனக்குப் போன் பண்ண வேண்டாம்னு சொல்லிருங்கம்மா” என்றாள். அவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆபீசிலிருந்து நோட்டீசும் வந்தது. எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அம்மன்மீதும் கோபம் வந்தது. ரெண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கே போகவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. விடாத மழைக்குப் பிறகு கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

“தேவிகுளம் வரைக்கும் போய்ட்டு வாரேன் புள்ள.”

தாலூக் ஆபீஸ் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். எழுந்து நடக்கிறாரே என்று சந்தோஷம்கூட. அவர் போன பிறகு கட்டிலை உதறினேன். தலையணைக்கு அடியில் போன் இருந்தது. கூடவே கைக்கடிகாரம், எப்போதும் அவர் அரைஞாணில் கட்டியிருக்கும் பீரோச் சாவி. திரும்பி வருகிறவர் இப்படி வைத்துவிட்டுப் போக மாட்டார்.

பக்கத்து வீட்டு பாக்கியத்தைக் கூப்பிட்டேன். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. அவள் மகன் ஆட்டோ எடுத்துக்கொண்டு தேவிகுளம் பக்கம் போனான். லயத்து ஆண்கள் சிலர் ஆற்றுப் பக்கமும் காட்டுப் பக்கமும் போனார்கள். நான் எங்கே போவேன்? கால் தானாகக் கோயிலுக்குப் போனது.

கோயில் பூட்டியிருந்தது. பூசாரி தேயிலைக்காட்டு வேலைக்குப் போயிருந்தார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருட்டு. அம்மன் முகம்கூடத் தெரியவில்லை. அன்று நான் கேட்டது இவ்வளவுதான்.

“தாயி, இத்தன நாளா உன்கிட்ட அந்தக் கம்பெனியக் கேட்டேன். இனிமே அதக் கேக்க மாட்டேன். வீடு கேக்க மாட்டேன். அவுக எனக்கு வேணும். எப்படி இருந்தாலும் சரி, உசுரோட குடு.”

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு அடையாளமும் வரவில்லை. மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. திரும்ப மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர் இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன். பாக்கியம் என் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

அப்போது என் பழைய போன் அடித்தது. தெரியாத நம்பர். ஓர் ஆண் குரல், மலையாளத்தில். இங்கே ஒரு அண்ணன் இருக்கிறார், அவர்தான் இந்த நம்பரைச் சொன்னார், அவரிடம் கொடுக்கிறேன் என்றது.

“ராணி, நாந்தான். வந்து கூட்டிட்டுப் போ.”

பாக்கியத்தின் மகனைத் திருப்பிக் கூப்பிட்டு ஆட்டோவில் போனோம். தேவிகுளம் தாண்டி, சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கிற ஒரு வளைவு. ஒரு கார் நின்றது. பின்சீட்டில் ஒரு சின்னப் பெண் முகம் வெளிறிச் சாய்ந்திருந்தாள். அவள் புருஷன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். குடைக்குள் என் வீட்டுக்காரர், தோளில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது.

அவர் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். என்ன முடிவோடு அங்கே போனார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஓரத்தில் நின்றிருக்கிறார். அந்தக் கார் வந்து நின்றிருக்கிறது. மலை வளைவுகளில் தலை சுற்றி அந்தப் பெண் இறங்கி வாந்தி எடுத்திருக்கிறாள், நிற்கவே முடியவில்லை. புருஷன் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் அவள் என்று தடுமாறியவன், சுற்றிப் பார்த்து, அங்கே நின்ற இவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டான். ஒரு நிமிஷம் பிடியுங்கள் அண்ணா என்று. நெற்றியில் திருநீறும் வெள்ளை வேட்டியுமாகப் பெரியவர் நிற்கிறாரே என்று நம்பிக் கொடுத்திருக்கிறான். குழந்தை வீரிட்டு அழுதிருக்கிறது. இவர் தோளில் போட்டுத் தட்டியிருக்கிறார். தட்டத் தட்டத் தூங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வாந்தி நிற்கவில்லை, இவர் கையிலிருந்து குழந்தையை வாங்க ஆள் வரவில்லை. அப்படியே நின்றிருக்கிறார். நிற்க நிற்க இவருக்கு அழுகை வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தம்பி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் போனைக் கொடுத்திருக்கிறான். என் நம்பர் ஒன்றுதான் இவருக்கு மனப்பாடம்.

போனவர் ஏன் திரும்பினீர்கள் என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

“கைப்புள்ளய வச்சுக்கிட்டு எங்குட்டுப் போறது?” என்றார்.

அந்தக் குடும்பத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. குழந்தையை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியாது. பூட்டின கதவுக்கு முன்னால் நான் அழுத அதே முற்பகலில் தாயி ஒரு பெண்ணின் வயிற்றைப் புரட்டி, ஒரு குழந்தையை அனுப்பி, இவர் இரண்டு கையையும் கட்டிப்போட்டாள். நான் அப்படித்தான் நம்புகிறேன். தற்செயல் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

அதன் பிறகு எல்லாம் நல்லபடியாக ஆனது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பணம் வரவில்லை, வராது. தை பிறப்பதற்கு முன்பே லயத்தை விட்டு இறங்கினோம். என் அண்ணன் இங்கே ஆனைகட்டியில் இருப்பதால் இங்கே வந்தோம். ஓர் அறை, வாடகை. தேய்ந்த முட்டியோடு நான் திரும்பக் கூலி வேலைக்குப் போகிறேன். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி அகளி ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போய், மனசுக்கான மாத்திரை வாங்கி வருகிறேன். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. நீங்களும் மறைக்காதீர்கள். டாக்டரிடம் போனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். சில நாள் நன்றாக இருப்பார். சில நாள் சுவரைப் பார்த்துப் படுப்பார். மகள் இன்னும் அவரிடம் பேசவில்லை. அதற்கும் தாயியிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பதில் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பக்கத்து எஸ்டேட்டில் இதே பங்கில் போட்ட ஒருவர் வீடு திரும்பவில்லை. அவர் சம்சாரமும் என்னைப் போலக் கும்பிட்டவள்தான். என்னைவிட நன்றாக விரதம் இருப்பவள். அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று தாயியிடம் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு வாரம் ஒரு தடவை போன் செய்கிறேன். அவள் எடுத்தால் பேசுவோம். எடுக்காவிட்டால் மறுபடியும் செய்வேன்.

ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று என்னை ஏசினார். நான் அடுப்படிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று தாயியைக் கும்பிட்டேன். ஏசுவதற்கு ஆள் இருக்கிறாரே.

என்னைப் போல யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் கையிலிருந்த பணத்தைத் தொலைத்துவிட்டு வாயடைத்துக் கிடந்தால், ஏன் போட்டாய், எதற்குப் போட்டாய் என்று இன்றைக்குக் கேட்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். கும்பிடும்போது போன பணத்தைப் பிறகு கேளுங்கள், முதலில் ஆளைக் கேளுங்கள். தாயி காது கொடுப்பாள். கும்பிட வார்த்தை வரவில்லை என்றால் எனக்குச் சொல்லி விடுங்கள். உங்களுக்காக நான் போய் நிற்கிறேன்.