நாயின் தோள்பட்டை எலும்பும் அம்மன் காட்டிய பிழையும்

1958ஆம் ஆண்டு சித்திரை மாதம். சென்னையிலிருந்து வந்த இரயில் என்னை விருதுநகர் நிலையத்தில் இறக்கிவிட்டபோது, வீட்டுக்குப் போகும் துணிவு எனக்கு இல்லை. கால்நடை மருத்துவப் படிப்பின் முதலாண்டுத் தேர்வில், உடற்கூற்றியலில் தோற்றிருந்தேன். ஆடியில் மறுதேர்வு. அதிலும் தவறினால் கல்லூரியை விட்டு நீங்க வேண்டும் என்பது விதி. விசுவநத்தத்தில் என் மனைவி குருவம்மாள் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டு, நான் மருத்துவனாகத் திரும்பும் நாளை எதிர்பார்த்திருந்தாள்.

படிக்காமல் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். நான் இராப்பகலாகப் படித்தவன். குருவம்மாளுக்கு வேலை கொடுக்கும் கம்பெனியில், நிறம் பிசகியதென்று கழித்த தீப்பெட்டிப் பட அட்டைகளை வாங்கி, அவற்றையே வினா அட்டைகளாக்கியிருந்தேன். ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு படம். படத்துக்கு மேலிருந்த வெள்ளை விளிம்பில் நாயின் ஓர் உறுப்பின் பெயர். பின்புறம் அதன் விளக்கம். முன்புறத்தைப் பார்த்த மாத்திரத்தில் பின்புறத்தை ஒப்பிப்பேன். விடுதியில் எனக்கு நிகரில்லை என்றே எண்ணியிருந்தேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஓர் எலும்பை என் கையில் வைத்தார். "என்ன எலும்பு? இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்றார். உள்ளே ஏதோ தோகை விரித்ததுபோல் ஒரு கலக்கம், அவ்வளவே. அவர் எலும்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நிலையத்திலிருந்து பெட்டியைச் சுமந்துகொண்டு நேரே மாரியம்மன் சந்நிதிக்குப் போனேன். அழுதேன். தேர்ச்சி கொடு என்று கேட்க நா எழவில்லை. "தாயே, உழைப்பில் குறை வைக்கவில்லை. பிறகு எங்கே பிழைத்தேன்? அதை மட்டும் காட்டு" என்று கேட்டேன். அம்மன் முகத்தில் எந்தக் குறிப்பும் தெரியவில்லை. வெறுங்கையோடு ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

ஊர் சும்மா இருக்குமா? என் மைத்துனர் தேநீர்க் கடையில் பலர் கேட்கச் சொன்னார்: "ஏலே மாப்ளே, நாய் எலும்பு தெரியலேன்னா நாய்கிட்டயே கேட்டிருக்கலாம்லே! மெட்ராசு வரைக்கும் போவானேன்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அட்டைக் கட்டை எடுத்தேன்.

வைகாசி முழுவதும் அதே அட்டைகளை இன்னும் வெறியோடு ஒப்பித்தேன். குருவம்மாள் படிப்பைப் பற்றி ஏதாவது கேட்டால், "உனக்குப் புரியாது" என்பேன். அவள் எழுத்தறியாதவள். இதை எழுத இன்றும் கூசுகிறது.

ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். எதிரே கூடு ஒட்டிக்கொண்டிருந்தவள், என்னைச் சிரிக்க வைக்க எண்ணினாளோ என்னவோ, அட்டைக் கட்டின் மேலிருந்ததைப் பார்த்து, "மாமா, மயிலு" என்றாள்.

கண்ணைத் திறவாமலே சொன்னேன்: இரண்டு பரப்புகள், மூன்று விளிம்புகள், மூன்று கோணங்கள், கீழே கிண்ணம் போன்ற குழி. தோள்பட்டை எலும்பின் விளக்கம் முழுவதையும் மடமடவென்று ஒப்பித்தேன்.

"அடுத்தது யானை."

தொடை எலும்பு முழுவதும் வந்தது.

அவள் கை நின்றது. "இருங்க, இருங்க. நான் எழுத்தையே படிக்கலையே? மயிலுன்னேன், அம்புட்டும் சொல்லிட்டீக. நாய்க்கும் மயிலுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் வேறோர் அட்டையை எடுத்து, படத்தை உள்ளங்கையால் மறைத்து, எழுத்தை மட்டும் காட்டினாள். நான் விழித்தேன். கையை எடுத்தாள், கிளி. உடனே விடை வந்தது.

ஓராண்டாக நான் நாயைப் படிக்கவில்லை. மயிலையும் யானையையும் கிளியையும் படித்திருக்கிறேன். சந்நிதியில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு என் வீட்டிலேயே விடை வந்துவிட்டது. "தாயே!" என்று வாய்விட்டு அலறினேன். குருவம்மாள் பயந்துபோய், "என்னங்க, தேளா?" என்று எழுந்துவிட்டாள்.

அன்றே படங்களையெல்லாம் வெட்டியெறிந்தேன். எழுத்துள்ள விளிம்பை வெள்ளைத்தாளில் ஒட்டி, பின்புறம் விளக்கத்தை மறுபடி எழுதி, கலைத்துக் கலைத்துப் படித்தேன். எங்கள் காவல்நாய் செவலையைப் பக்கத்தில் படுக்க வைத்து, ஒவ்வோர் அட்டைக்கும் அதன் உடம்பில் எலும்பைத் தேடினேன். தோலுக்கு அடியில் தோள்பட்டையின் மேடு விரலில் தட்டிய அந்தக் கணத்தை மறக்க மாட்டேன். "பாத்துத் தொடுங்க, கடிச்சு வைக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே, குருவம்மாள் அதன் தலையைப் பிடித்துக்கொள்வாள். வலமா இடமா என்று அவளே கேட்பாள். தவறாகச் சொன்னால் செவலைக்கு ஒரு துண்டு கருவாடு தண்டம்.

ஆடியில் மறுதேர்வு. அதே தேர்வாளர். கையில் வைத்ததும் அதே எலும்புதான். குழியைக் கீழே பிடித்தேன். மேட்டை வெளிப்புறம் திருப்பினேன். வளைந்த விளிம்பு முன்னே வந்து நின்றது. "தோள்பட்டை எலும்பு. வலப்பக்கம்" என்றேன். அவர் தலையசைத்தார். தேர்ச்சி பெற்றேன்.

அடுத்த பங்குனியில், மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்க வேண்டுமென்று வீட்டில் சொன்னேன். குருவம்மாள் முறைத்தாள். "நேர்ந்துக்கிட்டது நானு. நீங்க தோத்துட்டீகன்னு கடுதாசி வந்த அன்னைக்கே நேர்ந்துட்டேன். நீங்க பின்னால வாங்க, போதும்." அதுவரை எனக்குத் தெரியாது. நான் ஒருவன்தான் வேண்டினேன் என்று எண்ணியிருந்தேன். அவள் சட்டி ஏந்தி முன்னே நடந்தாள். நான் வேப்பிலையோடு பின்னே நடந்தேன்.

மருத்துவனாகி ஆண்டுகள் பல கழிந்தன. எந்த ஊரில் எந்த நாய்க்கு மருந்து கொடுத்துத் திரும்பினாலும், அதை அவளிடம் சொல்லாமல் நான் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

இதைப் படிக்கும் அன்பர்களில், உழைத்தும் தோற்றவர்கள் இருப்பீர்கள். வெற்றியைக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒருமுறை, பிழையைக் காட்டு என்றும் அம்மனிடம் கேட்டுப் பாருங்கள். காட்டுவாள். அது யார் வாய்வழியாக வரவேண்டும் என்று மட்டும் நாம் நிபந்தனை போடாதிருப்போம்.