இரண்டாமவருக்கு ஒரு கல்வெட்டு

அந்த யோசனை வந்தபோது என் வாய் நிறைய மீன் அடைத்த பணிஸ் இருந்தது. ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த ஒரு பிளாசா. அம்மா கடைக்குள் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துத் தெரிவுசெய்துகொண்டிருக்க, நான் கடைவாசலில் கிடந்த மர வாங்கில் நூலகப் புத்தகத்தோடு இருந்தேன். அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதிகள் செய்த கோணங்கித்தனங்களை மட்டும் பொறுக்கியெடுத்து எழுதிய புத்தகம். இரண்டாம் ஜனாதிபதியும் மூன்றாம் ஜனாதிபதியும் ஒருகாலத்தில் உயிர்ச் சிநேகிதர்களாம். சேர்ந்து இங்கிலாந்துக்குப் போய், செத்துப்போன ஒரு பெரிய எழுத்தாளரின் வீட்டு நாற்காலியில் சீவல் ஒன்றை வெட்டி ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்தவர்கள். பிறகு தேர்தலில் மோதி, வருடக்கணக்காகப் பேசவே இல்லை. மூன்றாமவர் பதவியேற்ற அன்று விடியமுன்னரே இரண்டாமவர் ஊரைவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

பணிஸை விழுங்காமலே கத்தினேன். இது எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் அல்லவா!

அவர்கள் பேசாமல் விட்டது தேர்தலால் அல்ல, கல்வெட்டால். கல்வெட்டு என்றால் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. இறந்தவரின் பெருமைகளையும் குடும்பத்தையும் எழுதி, மினுங்கும் தாளில் அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் கொடுக்கும் சிறு புத்தகம். அதில் இதுவரை ஒரு கெட்டவரும் இறந்ததில்லை. எல்லோரும் ஓரிடத்தைப் பிறப்பிடமாகவும் இன்னோரிடத்தை வதிவிடமாகவும் கொண்டு, இன்னாரின் அருமை மகனாக, இன்னாரின் பாசமிகு மாமனாராக வரிசையில் நடந்துபோய் இறைவனடி சேர்வார்கள். அப்பப்பாவின் கல்வெட்டை எழுதி அச்சுக்குக் கொடுத்தவர் அப்பா. மருமக்கள் வரிசையில் பெரியம்மாவின் பெயர் விடுபட்டுப் போயிற்று.

"அச்சுப் பிழை, அண்ணை."

"உன்ர மனிசியின்ர பேர் மட்டும் வடிவா அச்சடிபட்டிருக்கு," என்றார் பெரியப்பா.

அதோடு பேச்சு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு நட்டம் பெரிது. பெரியப்பாவின் மகள் என்னைவிட ஆறு மாதம்தான் மூத்தவள் என்றாலும் முறைக்கு அக்கா. கிறிஸ்மஸ் விடுமுறை முழுவதும் யூனியன்வில்லில் அவர்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் நாங்கள் போர்வைக்குள் கிடந்து சிரிப்போம். இப்போது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கண்டால்தான் உண்டு. அடுத்த கிறிஸ்மஸுக்கு முன் அந்த பேஸ்மென்ட் திறக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி ஜனாதிபதிகள்தான்.

எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லும் வழக்கமில்லை என்பதால் அந்த ஜனாதிபதிகளும் அக்காவுக்கும் எனக்கும் இரண்டாமவர், மூன்றாமவர் ஆனார்கள். வகுப்பின் வாணி விழாவுக்கு எல்லாப் பெற்றோரும் வருவார்கள். அங்கே இரண்டு ஜனாதிபதிகளுக்கும் சிரிக்கவைக்கும் பகிடிக் கல்வெட்டு வாசிப்பது. முடிவில், வயதுபோன பிறகு அவர்கள் கடிதம் எழுதி ராசியாகி, ஒரே நாளில் இறந்த கதையைச் சொல்வது. அப்பாவும் பெரியப்பாவும் அழுது கட்டிப்பிடிப்பார்கள். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

"சரஸ்வதிக்கு முன்னாலை கல்வெட்டோ?" என்று எங்கள் தமிழ் ரீச்சர் முகத்தைச் சுளித்தார்.

"தமிழிலைதான் ரீச்சர், முழுக்க முழுக்கத் தமிழ்," என்றாள் அக்கா.

"தமிழ் எண்டால் என்னத்தையாவது செய்யுங்கோ."

விழாவன்று அப்பா மண்டபத்தின் இடது கோடியிலும் பெரியப்பா வலது கோடியிலும் இருந்தார்கள். அக்கா வயிற்றில் தலையணை கட்டி இரண்டாமவர். நான் குளியலறைச் செருப்போடு மூன்றாமவர். வெளிநாட்டுத் தூதரையே வீட்டுச் செருப்போடு வரவேற்ற மனிதர் அவர். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

"மாசசூசெட்ஸைப் பிறப்பிடமாகவும், வெள்ளை மாளிகையைத் தற்காலிக வதிவிடமாகவும், மூன்றாமவரைத் தீராத தலையிடியாகவும் கொண்டவரும், உருண்டை மகாராசா எனப் பகிடியாக அழைக்கப்பட்டவருமாகிய இரண்டாமவர், ஒரு விவசாயியின் அருமை மகனும், ஆறாம் ஜனாதிபதியின் பாசமிகு தந்தையும், அந்த ஆறாமவர் ஆற்றில் உடுப்பில்லாமல் நீந்தியதற்கு எந்த வகையிலும் பொறுப்பற்றவரும் ஆவார்."

மண்டபம் சிரித்தது. அக்கா தலையணையைத் தடவிக் கும்பிட்டாள். அப்போது வலது கோடியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"நில்லடி பிள்ளை! உவருக்குப் பெண்சாதி இல்லையோ?"

தாளை மேலும் கீழும் பார்த்தேன். புத்தகத்தில் இரண்டாமவரின் மனைவிக்கு ஒரு முழு அத்தியாயமே இருந்தது. பகிடி தேடிய அவசரத்தில் நான் அதைப் புரட்டித் தள்ளியிருந்தேன்.

"மனிசி இல்லாமலோ ஆறாமவர் பிறந்தவர்?" பெரியம்மா விடவில்லை.

வாயில் வந்ததைச் சொன்னேன். "அச்சுப் பிழை, பெரியம்மா!"

கையில் இருந்தது நானே பேனாவால் எழுதிய தாள். முதலில் சிரித்தது பெரியம்மா. பிறகு பெரியப்பா, தான் இருந்த கதிரையின் கையைத் தட்டித் தட்டி. இடது கோடியில் அப்பா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். விஷயம் தெரியாதவர்களும் தொற்றுநோய்போலச் சிரித்தார்கள். மூன்றாமவரின் முறை வந்தபோது நான் வெகு கவனமாக முதலில் மனைவியையே சேர்த்தேன்.

"ம்ம், உது முழுசா இருக்கு," என்று பெரியம்மா சான்றிதழ் கொடுத்தார்.

ஒரே நாளில் இறந்த கதையை வாசிக்க விடாமல் ரீச்சர் எங்களை இறக்கிவிட்டார். யாரும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. ஆனால் அவல், கடலை கொடுத்த மேசையருகே அப்பா கடதாசிக் கோப்பையில் தேநீரைப் பெரியம்மாவிடம் நீட்டினார்.

"அண்ணி, ரீ."

"சீனி போட்டதோ?"

"உங்களுக்கு ரெண்டு கரண்டி."

பெரியப்பா கடலையை மென்றபடி அப்பாவைப் பார்க்காமலே கேட்டார். "உவளுக்கு உதெல்லாம் ஆர் சொல்லிக் குடுத்தது? நீயோ?"

"நானோ? உங்கட மகளா இருக்கும், அண்ணை."

அதில் தொடங்கிய வாக்குவாதம் கார் தரிப்பிடம் வரைக்கும் போயிற்று. அந்தக் கிறிஸ்மஸுக்கு பேஸ்மென்ட் திறந்தது.

ஒரு வரிக்காகவா இத்தனை வருடம் என்று போர்வைக்குள் நாங்கள் பெரியவர்களை நினைத்துச் சிரித்தோம். ஒரு வரியில் இல்லாமல் போவது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. பெரியம்மா முழுசு என்று சொன்ன அந்த மூன்றாமவரின் குடும்பம் முழுசே அல்ல என்பதும் தெரியாது. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் படித்தேன். மனிதர் எல்லோரும் சமம் என்று எழுதிய அதே மூன்றாமவரின் வீட்டில், அவருக்குப் பிள்ளைகள் பெற்ற ஒரு பெண் அடிமையாக இருந்தார். அந்தப் பெண்ணும் மூன்றாமவரின் இறந்துபோன மனைவியும் ஒரே தகப்பனின் மக்கள். அந்தப் பிள்ளைகள் அருமைப் புதல்வர்களாக அல்ல, தோட்டத்துச் சொத்தாக எண்ணப்பட்டார்கள். அன்று மண்டபத்தில் அவர்களுக்காக நில்லடி என்று கத்த ஒருவரும் இருக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அதே வகுப்பில் அக்காவும் நானும் படிப்பிக்கிறோம். இந்த வருட வாணி விழாவுக்குப் புதிதாக ஒரு கல்வெட்டு எழுதுகிறோம். அந்தப் பெண்ணை அன்பு மனைவி என்று போட்டால் பொய். பணிப்பெண் என்றால் அதைவிடப் பெரிய பொய். மூன்று நான்கு தாள்களைக் கசக்கி எறிந்த பிறகு, அது மூன்றாமவரின் கல்வெட்டாக இருக்கவேண்டியதில்லை என்று தெரிந்தது. பிறப்பிடமும் வதிவிடமும் போட்டு, முதல் வரியில் அந்தத் தாயின் பெயரை எழுதிவிட்டோம். மூன்றாமவரை எத்தனையாவது வரியில் சேர்ப்பது என்றுதான் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை.