கயிறு பிடிக்காத மத்தியானம்

கடியப்பட்டணத்தில் எங்கள் கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் யாருடையதானாலும், அலையைத் தாண்டி வந்து கயிறு வீசினால், கரையில் நிற்பவர்கள் இறங்கிப் பிடித்து இழுக்க வேண்டும். பகையாளியின் வள்ளமானாலும் மணலில் ஏற்றிய பிறகுதான் சண்டை.

சீமையில் யுத்தம் தொடங்கிய சமயம், கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் தெரு ஆண்களில் பலர் அங்கே இருப்பதால், பள்ளியில் படித்த நான் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பேன். சண்டை எங்கோ நடந்தாலும் தீவு பயந்து கிடப்பதாக எழுதியிருந்தார். எந்தத் திசையிலிருந்தும் எதிரி வரலாம் என்று பீரங்கிகளைக் கடலைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். தெரியாத படகு நெருங்கினால் முதலில் சுடு, பிறகு கேள் என்பதுதான் அங்கே பேச்சாம்.

"அங்க வாறவன் இங்க வர எம்புட்டு நேரமாவும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஒன் கருவாட்டு நாத்தத்துக்கு அவன் திரும்பிப் போயிருவான், ஏட்டி" என்றார் என் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். மடியில் ஆறு மாதப் பிள்ளையோடு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாமளும் தெரியாத வள்ளத்துக்குக் கயிறு பிடிக்காம இருந்தா என்ன, மாமி?" என்று கேட்டேன். படித்தவள் சொன்னது என்று அது அன்றைக்கே கரை முழுவதும் பரவிவிட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

நான்காம் நாள் மத்தியானம் கறுப்புப் பாயோடு ஒரு வள்ளம் வந்தது. உள்ளே இரண்டு பேர்.

"அது நம்ம பாய் இல்லியே" என்று முதலில் சொன்னது நான்தான்.

ஒருவன் கயிறு வீசினான். அது தண்ணீரில் விழுந்தது. யாரும் இறங்கவில்லை. மறுபடியும் வீசினான்.

"லேய், யாருலே நீ? எங்கயிருந்துலே வாற?" என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார்.

அலை இரைச்சலில் பதில் கேட்கவில்லை. முதல் கல்லை யார் எறிந்தார்கள் என்று தெரியாது. பிறகு எல்லோரும் எறிந்தார்கள். துடுப்புப் பிடித்தவனின் நெற்றி பிளந்தது. வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்து, அவனைப் பாறையோடு வைத்து நசுக்கியது. மற்றவன் தவழ்ந்து கரையேறினான். துடுப்புகளால் அவனை அடித்தார்கள். பல் தெறித்து மணலில் விழுந்தது.

"மாதாவே" என்று அலறினான். நாங்களும் கும்பிடும் மாதா. அப்போதுதான் கைகள் நின்றன.

அவர்கள் கிழக்குக் கரைக்காரர்கள், அண்ணன் தம்பி. காற்றுக்குத் தப்பி ஒதுங்க வந்தவர்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டு போனேன். தம்பி குடித்தது இரத்தத்தோடு வெளியே வந்தது.

"கயிறு என்னத்துக்குப் பிடிக்கல்ல?" என்று என்னிடம்தான் கேட்டான். அண்ணன் உடல் அதற்குள் கரை ஒதுங்கியிருந்தது.

இருட்டுவதற்குள் தம்பியும் போய்விட்டான். விசாரிக்க வந்த போலீசிடம் வள்ளம் அலையில் கவிழ்ந்தது என்றார்கள். நானும் பேசாமல் நின்றேன். கணவருக்கு மட்டும் உண்மையை எழுதினேன். பதில் வந்தது: "பிள்ளையை நினைத்துத்தானே சொன்னாய். தவறில்லை. இங்கேயும் அப்படித்தான்."

வாசிக்கச் சொன்ன பெண்களுக்கு அந்த வரிகளை விட்டுவிட்டு வாசித்தேன்.

இப்போது வள்ளம் வந்தால் பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு நானும் தண்ணீரில் இறங்குகிறேன். கயிற்றைப் பிடிக்கிறேன். ஆனால் பிடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பாயின் நிறத்தைப் பார்த்துவிடுகிறேன்.