அண்ணையும் பன்னீர்ச் செம்பும்

அம்மாவின் வெள்ளிப் பன்னீர்ச் செம்பை லண்டனுக்குக் கொண்டுபோயே தீருவேன் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். விடுவதில்லை என்று நானும் நின்றேன். என் மகளின் கல்யாணத்துக்காக எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்கு வந்தவர், பெட்டியை இறக்கி வைத்ததும் தேடியது மணப்பெண்ணை அல்ல, செம்பைத்தான். பழைய வெள்ளிச் சாமான் சேர்ப்பவர்களோடு பழகிப் பழகி அவருக்கு ரசனை முற்றிவிட்டது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அந்தக் கைகள் தூக்கியது தொலைபேசியை மட்டும்தான்.

கல்யாணத்துக்கென்று நான் செம்பைத் திருநீறு போட்டுத் தேய்த்து மினுக்கி வைத்திருந்தேன். எங்கள் வீடுகளில் வெள்ளிக்குத் திருநீறுதான். அதைக் கண்டு அண்ணை தலையில் கைவைத்துவிட்டார். செம்பில் வெட்டிய கோடுகளுக்குள் இருந்த கறுப்பு அழுக்கே இல்லையாம். அதில் செதுக்கிய கொடியையும் கிளியையும் எடுத்துக் காட்டுவதே அதுதானாம். தலைமுறைகளின் அழகை நான் தேய்த்துக் கழுவி ஊற்றிவிட்டேனாம்.

பிறகு அடியிலிருந்த நெளிவைத் தடவி, செம்பைச் செய்த பத்தரின் சுத்தியல் பதிந்த இடம், கைவேலைக்கு அதுவே சாட்சி என்றார். சின்ன வயதில் கோபம் வந்து அவர் என்மேல் எறிந்த செம்பு அது. என்னைத் தவறித் தூணில் பட்டது. அவ்வளவு பக்தியாகத் தடவுகிறவரிடம் அதைச் சொல்லிக் குழப்புவது பாவம்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் செம்பை மேசையில் வைத்துவிட்டு அண்ணை கையுறையோடு காவல் நின்றார். பன்னீர் ஊற்றினால் உட்புறம் பழுதாகிவிடுமாம்; சனத்துக்குப் பிளாஸ்டிக் போத்தல் போதுமாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் நான் செம்பைப் பறித்து, பன்னீரை ஊற்றி, சம்பந்தியம்மாவை நோக்கி வீசினேன். ஒரு துளி விழவில்லை. மறுபடியும் வீசினேன். அவர் முகத்தை ஏந்தியபடி காத்து நின்றார். நான் வருடக்கணக்காகத் தேய்த்த திருநீறு மூடியின் துளைகளைச் சீமெந்துபோல் அடைத்திருந்தது.

அண்ணை என்னிடம் சேலை ஊசியை வாங்கி, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்தார். அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் அரிசியளவில் ஒரு தாமரை வெட்டியிருந்தது. இத்தனை வருடம் தேய்த்தேனே தவிர, ஒருநாளாவது பார்த்ததில்லை. எவ்வளவு அழகு! சம்பந்தியம்மாவைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

புறப்படும் நாளில் அண்ணை பெட்டிக்குள் செம்பின் அளவுக்கு இடம் விட்டு அடுக்கிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"பார்க்கத் தெரிஞ்ச ஆளிட்டைத்தான், பிள்ளை, உது இருக்கவேணும்."

"ஓம் அண்ணை, இப்ப எனக்கும் பார்க்கத் தெரியும்," என்றேன். "அந்த இடத்துக்குப் பனங்கிழங்குப் புழுக்கொடியல் கட்டி வச்சிருக்கிறன். கொண்டு போங்கோ."